ஏறியவர் இறங்குவாரா?

கேள்வி: அமெரிக்க அதிபராக இருந்துவிட்டு, அப்புறம் சின்னப் பதவிக்கு வந்தவர் யாராவது உண்டா?
– வாசகர் ஒருவர், காரவள்ளி

பதில்: கொல்லிமலை ஏறும் எழுபது கொண்டை ஊசி வளைவு தொடங்கும் ஊர்க்காரர் கேட்க வேண்டிய கேள்விதான்! ஜான் குவின்சி ஆடம்ஸ் இருக்கிறார். 1829-ல் வெள்ளை மாளிகையைக் காலி செய்தவர், 1831-ல் சாதாரண எம்.பி. ஆனார். 1848-ல் சபையிலேயே மயங்கி விழும்வரை விடவில்லை.

இதற்கு அமெரிக்கா வரை போவானேன்? உங்கள் மாவட்டத்துத் திருச்செங்கோடு பக்கம் 1925-ல் காந்தி ஆசிரமம் தொடங்கினாரே ராஜாஜி, அவர் 1948-ல் கவர்னர் ஜெனரல். 1950-ல் நேருவிடம் மந்திரி. 1952-ல் சென்னை முதல்வர். (அதுவும் தேர்தலில் நிற்காமல், மேலவை வழியாக. இறங்கும்போதும் பின்வாசல்!)

1962-ல் பதவி ஏதுமில்லை. அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொல்லிக் கென்னடியைப் பார்க்க வாஷிங்டன் போனார். பெரியவருக்கு வயது 83. கென்னடி பிறந்த அதே 1917-ல்தான் இவர் சேலம் நகராட்சித் தலைவரானார் என்றால் பாருங்கள்! ஒதுக்கிய நேரம் தாண்டியும் பேச்சு நீண்டதாம். நீளாதா பின்னே? மறு வருஷமே சோதனைத் தடை ஒப்பந்தத்தில் கென்னடி கையெழுத்துப் போட்டார். ‘எல்லாம் ராஜாஜி சொன்னதால்தான்’ என்று நான் எழுதினால், ஒப்பந்தத்தின் மறுபக்கம் இருந்த சோவியத் தலைவர் குருஷ்சேவ் கோபித்துக்கொள்வார்.