ரெண்டு பெரியாளு, பிள்ளை சைபர்

ஏ ஆத்தா, கொடைக்கானலுக்கு ரூம் போட்டாச்சுன்னு போனை நீட்டுனியே, கண்ணாடியப் போட்டுப் பாத்தேன். "ரெண்டு பெரியவங்க, குழந்தை சைபர்"னு இருக்கு. மூணு பிள்ளையையும் எங்க விட்டுட்டுப் போற? அத விடு. நீ ஒத்த ஆளு. அந்த ரெண்டாவது பெரியவரு யாருத்தா? தாத்தன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, தேங்கா பழத் தட்டோட வந்திருப்போம்ல?

மொறைக்காத. குத்தம் உன் மேல மட்டும் இல்ல. அந்த ஆப்பைத் திறந்தாலே அப்படித்தான் நிக்கும்: ஒரு ரூம், ரெண்டு பெரியாளு. ஊரு உலகத்துல எல்லாரும் சோடி சோடியாத்தான் சுத்துறாகன்னு அவுகளுக்கு நெனப்பு. அத மாத்தி, ஒரு பெரியாளு மூணு பிள்ளைன்னு போட்டுப் பாரு. பாதி லாட்ஜைக் காணோம். மிச்சம் உள்ளது ரெண்டு ரூம் எடுங்கும். அதுக்குப் பயந்துதான நீ கமுக்கமா சைபர்லயே விட்டுட்ட?

மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் லாட்ஜுல ராத்திரி வாட்ச்மேனா கெடந்தவன்கிட்டயா இந்த வித்தையக் காட்டுற? ஒரு அம்மா வந்துச்சு. கவுண்டர்ல ஒத்தப் பிள்ளையக் காட்டி ரூம் வாங்கிருச்சு. மிச்சம் ரெண்டையும் எதுத்த டீக்கடை பெஞ்சுல உக்கார வச்சு, பொறவு ஒண்ணொண்ணா மாடியேத்துச்சு. மேனேசரு பேப்பர் படிக்கிற மாதிரியே இருந்தாரு. செத்த நேரங்கழிச்சு பொடியன் ஒருத்தன் தடதடன்னு எறங்கி வந்து, "அங்கிள், நாங்க நாலு பேரு இருக்கோம், துண்டு ரெண்டுதான் வச்சிருக்கீங்க"ன்னான். மேனேசரு பேப்பரை மடிச்சாரு. துண்டையும் குடுத்தாரு, பில்லுல ரெண்டு தலையையும் ஏத்துனாரு.

வயசுலயும் உன் கைவரிசை வேணாம். கவர்மெண்டு பஸ்ஸுல 2022-லேருந்து அஞ்சு வயசு வரைக்கும் டிக்கெட் கிடையாது. ரயில்ல அஞ்சுலேருந்து பன்னெண்டுக்குள்ள உள்ள பிள்ளைக்குத் தனி பெர்த் கேட்டா 2016-லேருந்து முழுக் காசு. லாட்ஜுக்கு அப்படி ஒரே கணக்கு ஏது? ஒருத்தன் அஞ்சு வரைக்கும் ஓசிம்பான், ஒருத்தன் எட்டு வரைக்கும்பான், பன்னெண்டைத் தாண்டுனா பெரியாளுன்னு தலையில கட்டுவான். கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும். நடுவுலவனுக்கு ஏழு ஆச்சு. "அஞ்சுன்னு சொல்லுடா"ன்னு நீ பழக்கி வச்சாலும், அவன் மேனேசர் முன்னாடி நின்னு ஏழாம் வாய்ப்பாடு ஒப்பிப்பான். கடைக்குட்டியோட நீலக்கலர் ஆதாரை மறக்காம எடுத்துக்க. ஓசி கேக்கும்போது அதுல உள்ள பொறந்த தேதிதான் உனக்குச் சாட்சி.

ரெண்டு ரூம் எடுங்கன்னா, "நான் எதுலண்ணே படுக்கட்டும்?"னு கேளு. சோடியா வந்தவுக ஆளுக்கொரு ரூம்னு பிரிஞ்சுக்கிருவாக. நீ வராண்டாவுலயா படுப்ப? "பக்கத்துப் பக்கத்து ரூம்தாம்மா"ம்பான். பக்கத்து ரூம் வேற, நடுவுல உள்கதவு வச்ச ரூம் வேற. கடைக்குட்டி உள்ள தாழ்ப்பாளைப் போட்டுட்டு அசந்து தூங்கிட்டான்னா, நடுச்சாமத்துல நீ தட்டுற தட்டுல மாடியே எந்திரிக்கும், அவன் எந்திரிக்க மாட்டான். அதனால உள்கதவு இருக்கான்னு கேளு. இல்லையா, நாலு கட்டில் போட்ட பேமிலி ரூம் கேளு. ஆப்புல அது அம்புட்டு லேசுல கண்ணுக்கு ஆம்புடாது. லாட்ஜு நம்பருக்கே போன் போட்டா, "ஒண்ணு இருக்குதுங்க"ன்னு மெல்ல இழுப்பான். சுற்றுலாக் கழகத்து ஓட்டல் தமிழ்நாடு அங்கயும் இருக்கு, விசாரிச்சுப் பாரு. எத்தனை தலை, எத்தனை மெத்தை, எம்புட்டுக் காசுன்னு வாட்ஸாப்புல எழுதி வாங்கிரு. வாயில சொன்னவன் நீ போற அன்னைக்கு லீவுல இருப்பான்.

எக்ஸ்ட்ரா பெட்டுன்னா கட்டில்னு நெனச்சிராத. ரூம் பையன் தோள்ல சுருட்டிக்கிட்டு வார மெத்தை அது. போனதும் கொண்டாரச் சொல்லி விரிச்சுரு. ராத்திரி பாத்துக்கலாம்னு விட்டியோ, பொடுசுக மூணும் கட்டில்ல குறுக்கையும் நெடுக்கையும் படுத்துரும். தரை உனக்குத்தான்.

பஸ்ஸு வெள்ளனா கொண்டுபோயி எறக்கிவிட்டுரும். ரூமு பகல் பன்னெண்டுக்குத்தான்னு கவுண்டர்ல சொல்லுவான். இருபத்துநாலு மணிக்கூறு கணக்கா, பன்னெண்டுக்குப் பன்னெண்டான்னு மொதல்லயே கேட்டு வையி. இல்லேன்னா மூணு தூங்குமூஞ்சியோட ரிசப்ஷன் சோபாவுல உக்காந்து மீன்தொட்டியப் பாத்துக்கிட்டுக் கெடக்கணும். கார்ல போறதா இருந்தா இ-பாஸ் போட்டுக்க. ஐகோர்ட்டு உத்தரவு, 2024 மே மாசத்துலேருந்து இருக்கு. கவர்மெண்டு பஸ்ஸுக்கு அந்தச் சோலி இல்ல. பில்லு வந்தா வரியப் பாரு. 7,500 ரூவா வரைக்கும் உள்ள ரூமுக்கு இப்ப அஞ்சு சதமானந்தான், 2025 செப்டம்பர் 22-க்கு முந்திதான் பன்னெண்டு. பழைய பன்னெண்டையே போட்டிருந்தான்னா, "கை பழகிப் போச்சாண்ணே?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேளு.

இன்னொண்ணு. கவுண்டர்ல எவனாச்சும் கேப்பான், "சார் வரலீங்களா?"ன்னு. உனக்கு மூஞ்சி சுண்டிப்போகும், தெரியும். அவன்கிட்ட முழுக் கதையும் சொல்ல வேணாம். "பின்னாடி வாராரு"ன்னு புளுகவும் வேணாம். அந்தச் சார் எப்ப வருவாரு, எப்பக் கதவைச் சாத்தலாம்னு வாட்ச்மேன் விடிய விடிய முழிச்சுக் கெடப்பான். நான் கெடந்திருக்கேன், பாவம்த்தா அந்தப் பொழப்பு. ஆதாரை எடுத்து வச்சு, "நாங்க நாலு பேருதான், சாவியக் குடுங்க"ன்னு சொல்லு. அம்புட்டுத்தான். பேனாவை எடுத்து எழுத ஆரம்பிச்சிருவான்.

வெந்நீர் எத்தனை மணிக்குன்னும் கேட்டு வச்சுக்க. பல எடத்துல காலையில ஆறுலேருந்து ஒம்பது வரைக்குந்தான் விடுவாக. நீ மூணையும் எழுப்பி, தேய்ச்சுக் குளிப்பாட்டி, தலை துவட்டி, சொட்டரை மாட்டிவிட்டுட்டு உள்ள போகையில பச்சைத் தண்ணிதான் கொட்டும். அந்த மலைத்தண்ணிய நீ தாங்க மாட்ட. அதுக செத்த நேரம் தூங்கட்டும், எந்திரிச்சதும் மொதல்ல நீ குளிச்சிரு.