பாத்துட்டிருக்கேன்

எங்கள் மேல்மாடி சாருக்கு ஒரு ஏர் ரைஃபிள் வாங்க வேண்டும். ஆறு வருஷமாக வேண்டும். வங்கியில் கடன் பிரிவைப் பார்த்து ஓய்வு பெற்றவர். பிறர் நீட்டிய மனுக்களில் ஓட்டை தேடியே பழகிய கண், இப்போது கடைக்காரர் நீட்டுகிற துப்பாக்கியில் தேடுகிறது.

"என்ன சார், முடிவாச்சா?"

"பாத்துட்டிருக்கேன்."

பையனுக்குப் பெண் தேடுகிறவர்கள் சொல்வார்களே, அதே குரல். ஜாதகக் கட்டு மாதிரி ஒரு ஃபைலும் உண்டு.

முதலில் ஆசை வைத்தது பாயிண்ட் டூ டூ மேல். தோட்டா போட்டுச் சுடுகிற நிஜ ரைஃபிள். அதற்கு லைசென்ஸ் வேண்டும். இவர் சுடப்போவதோ காலி டப்பாவை. மனுவில் காரணம் என்று எதை எழுதுவது? தானே அதிகாரியாக இருந்து தன் மனுவைத் தானே நிராகரித்தார். பிறகு 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகளைப் படித்தார். குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்குள், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருந்தால் ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். அன்று தெருவுக்கே இனிப்பு கொடுத்தார்.

அத்தோடு வாங்கியிருக்கலாம். ஆனால் ஸ்பிரிங்கா, காற்று அடைத்ததா என்று கேள்வி கிளம்பிவிட்டது. ஸ்பிரிங் வைத்தது முன்னும் பின்னும் உதைக்கும்; அந்த உதையில் சாதாரண ஸ்கோப் செத்துப்போகும். காற்று அடைத்தது அலுங்காமல் சுடும். ஆனால் அதற்கு 200 பார் அளவுக்குக் காற்றை ஏற்ற வேண்டும். "கைப்பம்புல அடிச்சா டப்பா விழறதுக்கு முந்தி நான் விழுந்துடுவேன்" என்றார். டயானா கம்பெனி முத்திரையில் வேட்டைத் தேவதை வில்லைத் தூக்கி எறிந்துவிட்டு ஏர் ரைஃபிளை உயர்த்திப் பிடித்து நிற்பாள். "தேவதையே முடிவெடுத்துட்டா சார்" என்றேன். "அவளுக்குப் பென்ஷன் இல்லை" என்றார்.

ஒருமுறை கடைக்கு என்னையும் அழைத்துப் போனார். பையன் ஒரு ரைஃபிளின் குழலை மடக்கி நிமிர்த்தி, பெல்லட் போடாமலே விசையைத் தொடப் போனான். சார் கவுன்ட்டர் மேல் பாதி ஏறிவிட்டார். "வெறும் குழலோட சுடாதே தம்பி! பெல்லட் இல்லேன்னா பிஸ்டன் நேரா போய் மோதும், ஸ்பிரிங் போயிடும்!" தான் வாங்கப்போகாத துப்பாக்கியின் ஆயுளை நீட்டிவிட்டு, நீர்மோர் குடித்துத் திரும்பினோம்.

ரைஃபிள்தான் இல்லையே தவிர, மற்றதெல்லாம் வீட்டில் இருக்கிறது. தட்டைத்தலை பெல்லட் 500. கண்ணாடி. குண்டு தெறிக்காமல் பிடிக்கப் பழைய துணி திணித்த தகரப்பெட்டி. குழல் துடைக்கிற கம்பியால் மாமி ஒட்டடை அடிக்கிறார். மொட்டை மாடியையும் அளந்தாகிவிட்டது. ஒலிம்பிக்கில் 10 மீட்டர். 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது அந்தத் தூரத்தில்தான். எங்கள் மாடி, தண்ணீர்த் தொட்டி போக, 9 மீட்டர் 40. போதாக்குறைக்குத் தொட்டிக்கு அந்தப்பக்கம் அடுத்த வீட்டு வடாம் காய்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மெரினாவில் பலூன் சுடுகிற கடை முன்னால் அவரை நிறுத்தினேன். கட்டை தேய்ந்து, நடுவில் சைக்கிள் ட்யூப் சுற்றிய துப்பாக்கி.

"இது எத்தனை ஜூல்?" என்று கேட்டார் சார்.

"பத்து குண்டு அம்பது ரூவா சார்."

தோளில் வைத்தார். கன்னம் பதித்தார். ஒரு நிமிஷம் மூச்சே இல்லை. "ஃப்ரன்ட் சைட் கோணியிருக்கே!"

"ஆமா சார். பச்சைய அடிக்கணும்னா சேப்புல வைங்க."

மனிதர் அதைக் கேட்பாரா? பச்சையிலேயே குறி வைத்தார். மூன்று பலூன் தள்ளி மஞ்சள் வெடித்தது. அடுத்ததற்கும் பச்சைதான், இந்தத் தடவை நீலம். பத்தும் முடிந்தபோது பச்சை மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சுண்டல் தின்ற சிறுமி கை தட்டினாள்.

சார் துப்பாக்கியைத் திருப்பித் தரவில்லை. புரட்டிப் புரட்டிப் பார்த்தார், கட்டையை முகர்ந்தார். இந்த ஆறு வருஷத்தில் அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை.

கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டுத் தயங்கிக் கேட்டார்: "வேணும்னா எடுத்துக்கிறீங்களா சார்? பாத்துப் போட்டுத் தர்றேன்."

சார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"எந்த வருஷத்து மாடல்?"