மொய் நோட்டுப் பெரியப்பா

மதுரைப் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் மாப்பிள்ளையைப் பார்க்காமல்கூடச் சாப்பிடப் போய்விடலாம். மொய் எழுதும் பெரியப்பாவைத் தாண்டிப் போக முடியாது. பந்திக்குப் போகிற வழியில்தான் மேசை போட்டிருப்பார். ஓரங்களில் மஞ்சள் தடவிய நோட்டு, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, பக்கத்தில் பணம் எண்ண ஒரு மைத்துனர்.

பணத்தை நீட்டியதும் வாங்கிவிட மாட்டார். "தம்பி எந்த ஊரு? யார் மகன்?" முறை பிடிபட்டதும் குரல் மாறும். மச்சான் முறையென்றால், "இவ்வளவு பெரிய மீசைக்கு ஐந்நூறுதானா மச்சான்?" பங்காளி என்றால் கிண்டலே கிடையாது. "வாப்பா, சாப்பிட்டுப் போ", அவ்வளவுதான். பங்காளியிடம் வாயைக் கொடுத்தால் பேச்சு வரப்புத் தகராறில் போய் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். தாய்மாமன் வந்தால் மட்டும் எழுந்து நிற்பார்.

ஒரே பக்கத்தில் மூன்று முருகேசன்கள் வந்தால் பெயருக்குப் பக்கத்தில் அடையாளம் எழுதுவார்: டெய்லர், கரண்ட் ஆபீஸ், ஓடிப்போய் வந்தவர். மைக்கில் வாசிக்கிறவர் மூன்றையும் அப்படியே வாசித்துவிடுவார்.

மொய் செய்முறையின் சூட்சுமம் பழைய நோட்டில் இருக்கிறது. நம் வீட்டுக் காதுகுத்துக்கு 500 வைத்தவருக்கு அதே 500-ஐ வைத்தால் கணக்கு முடிந்தது, இனி வரத்துப்போக்கு வேண்டாம் என்று அர்த்தம். கொஞ்சம் கூட்டி வைத்தால்தான் உறவு ஓடும். ஆகவே ஊரில் யாராவது ஒருவர் யாருக்காவது பாக்கி. கொடுப்பது, வாங்குவது, திருப்பிக் கொடுப்பது மூன்றும் கடமை என்று பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925-லேயே எழுதினார். மைக்கில் சொல்வது என்ற நாலாவது கடமையை விட்டுவிட்டார்.

இப்போது உசிலம்பட்டிப் பக்கமெல்லாம் கம்ப்யூட்டர் மொய். ரசீது அச்சாகி வருகிறது. பெரியப்பா அசரவில்லை. தட்டச்சு செய்யும் பையன் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். பையன் பெயரும் ஊரும் கேட்கிறான், "யார் மகன்?" என்பதை இவர் கேட்கிறார்.

போன முகூர்த்தத்தில், நிலத் தகராறில் முகம் கொடுத்துப் பேசாத பங்காளி ஒருவர் விறுவிறுவென்று வந்தார். 2,001-ஐ வைத்தார். பந்தியில்கூட உட்காராமல் கிளம்பிவிட்டார்.

"இன்னும் கோபம் தீரலை போலிருக்கே?" என்றான் பையன்.

பெரியப்பா பழைய நோட்டைப் புரட்டினார். "நம்ம வச்சது 1,501. ஐந்நூறு கூட வச்சிருக்கான்ல, பேசிருவான்."