படுத்தபடி ஓட்டம்

நேற்றுச் சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து செல்போனுக்கு ஒரு குறுஞ்செய்தி. எங்களிடம் தங்கள் அனுபவம் எப்படி இருந்தது, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டிருந்தார்கள். மார்பில் பட்டை ஒட்டிய தடம் இன்னும் சிவந்து அரிக்கிறது. அதற்குள் நட்சத்திரம். கருத்துச் சொல்லக் கீழே ஒரு கட்டம் கொடுத்திருந்தார்கள். எழுத ஆரம்பித்தேன். காபி விஷயத்தைத் தாண்டுவதற்குள் கட்டம் நிரம்பிவிட்டது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

மாடிப்படி ஏறினால் நெஞ்சைப் பிடிக்கிறது என்றதும் டாக்டர் முதலில் டிரெட்மில்தான் எழுதினார். அதற்கு இதயம் மட்டும் இருந்தால் போதாது, முழங்காலும் வேண்டும். ராபர்ட் புரூஸ் என்ற அமெரிக்க டாக்டர் 1963-ல் வெளியிட்ட முறைப்படி, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பட்டையின் வேகத்தையும் ஏற்றத்தையும் கூட்டிக்கொண்டே போவார்கள். 220-லிருந்து வயதைக் கழித்து, மிச்சத்தில் 85 சதவீதத்துக்கு நாடித்துடிப்பு எகிற வேண்டும். எனக்கு வயது 64. கணக்குப் போட்டால் 133 வருகிறது. என் முழங்கால்கள் தொண்ணூறிலேயே ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிடும். டாக்டர் நான் நடந்து வந்ததைப் பார்த்தார், எழுதியதை அடித்தார். “ஓட வேணாம். மருந்து ஏத்தியே பாத்துருவோம்” என்றார்.

ஊரில் இதற்குத் தாலியம் டெஸ்ட் என்று பெயர். படத்துக்காக ஏற்றும் கதிரியக்கப் பொருள் இப்போதெல்லாம் பெரும்பாலும் டெக்னீசியம்தான், ஆனால் மதுரை சிம்மக்கல்லில் போய் அதைச் சொன்னால் எடுபடாது. எங்கள் சம்பந்திக்குத் தாலியம், எதிர்வீட்டு அண்ணாச்சிக்குத் தாலியம். இருவரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: “ஒண்ணுமே தெரியாது.” எனக்குத் தெரிந்தவர்கள் யாருக்கும் எந்தப் பரிசோதனையிலும் ஒன்றுமே தெரிந்ததில்லை. குடலுக்குள் குழாய் விட்டவரும் இதையேதான் சொல்கிறார். பிறகு நம் ஜனங்களுக்கு எதில்தான் ஏதாவது தெரியும்?

காபிக்கு வருகிறேன். முதல் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போன் செய்து, “டெஸ்டுக்கு முன்னாடி 24 மணி நேரம் காபி, டீ குடிக்கக் கூடாது சார்” என்றது.

“சர்க்கரை இல்லாமத்தானம்மா குடிப்பேன்.”

“காபி இல்லாம இருக்கணும் சார்.”

காலையில் எழுந்ததும் குடிப்பதைக் காபிக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. காஃபின் நீக்கிய காபி? அதிலும் கொஞ்சம் இருக்குமாம். பால் தூக்கலாக விட்டு, டிகாக்‌ஷன் சும்மா நிறத்துக்கு? “நிறம் எதுக்கு சார், பாலே குடிங்க” என்றது. முப்பத்தைந்து வருடம் வங்கியில் வேலை பார்த்தவன் நான். சலுகைக்கு இடமில்லாத ஒரு விதிமுறையை அன்றுதான் பார்த்தேன்.

நான் குடிக்கவில்லை என்றால் வீட்டில் மற்றவர்களும் ஒருநாள் விடுவார்கள் என்றுதானே எவரும் நினைப்பார்கள்? “நான் எதுக்கு விடணும், எனக்கா நெஞ்சு பிடிக்குது?” என்று கேட்டுவிட்டு என் மனைவி வழக்கம்போல் ஃபில்டரில் வெந்நீர் ஊற்றினாள். வாசனை பிடிக்கக் கூடாதென்று அந்தப் பெண் சொல்லவில்லை என்பதால் அடுப்படியில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கால் இடறுகிறது என்று அங்கிருந்தும் கிளப்பிவிட்டாள்.

அதற்குள் விஷயம் தெருவுக்குப் போய்விட்டது. நெஞ்சுப் பரிசோதனைக்குப் போகிறவரைப் பார்க்காமல் இருக்கலாமா? ஒவ்வொருவராக வந்தார்கள். வந்தவர்களை வெறும் தண்ணீர் கொடுத்து அனுப்பும் குடும்பமா எங்களுடையது? எல்லோருக்கும் காபி. என் முன்னால், என் வீட்டில், என் பென்ஷனில் வாங்கிய தூளில். அண்ணாச்சி டம்ளருக்கும் டபராவுக்குமாக என் மூக்கு உயரத்தில் தூக்கித் தூக்கி ஆற்றியபடியே, “நீங்க ஒண்ணும் குடிக்கலியா? ஓ, கூடாதுல்ல!” என்று சொல்லி நீளமாக உறிஞ்சினார். ஒரு ஒன்றுவிட்ட சித்தப்பா வந்தார். பாதி குடித்துவிட்டு, சூடு பத்தவில்லை என்று மீதியை வைத்துவிட்டுப் போனார். அரை டம்ளர் காபி. மேசைமேல். ஆடை படியும்வரை நானும் அதுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருந்தோம். மனிதர்களைப் பற்றி எனக்கிருந்த சில நல்ல அபிப்பிராயங்கள் அன்றைக்குப் போனவைதான், இன்னும் திரும்பவில்லை.

மருமகள் இரக்கப்பட்டு, “மாமா, கிரீன் டீ போடவா?” என்றாள். போனில் தேடினால் அதிலும் காஃபின். கோலாவில் இருக்கிறது. பேரன் நீட்டிய சாக்லேட்டிலும் இருக்கிறது. மூன்று மணிக்கு எதிர்பார்த்த தலைவலி வந்து சேர்ந்தது. வீட்டில் எப்போதும் இருக்கும் தலைவலி மாத்திரையை எடுத்தேன். மருமகள் அட்டையின் பின்பக்கத்தைப் படித்தாள்: பாரசிட்டமால், கூடவே காஃபின். நிலைமையை யோசித்துப் பாருங்கள். காபியை விட்டதால் தலைவலி, தலைவலிக்கு மாத்திரை, மாத்திரைக்குள் காபியின் சாரம், அதை விழுங்கினால் டெஸ்ட் கிடையாது, டெஸ்ட் இல்லையென்றால் காபியே குடிக்கலாம், குடித்தால் தலைவலி போய்விடும், மாத்திரை தேவையில்லை. இதை நான் விளக்கிச் சொல்லச் சொல்ல என் மனைவி தைலத்தை எடுத்து நெற்றியில் ஓங்கித் தேய்த்தாள்.

காஃபினைக் காபிக்கொட்டையிலிருந்து முதலில் பிரித்தெடுத்தவர் ரூங்கே என்ற ஜெர்மானியர், 1819 வாக்கில். அவர் பாட்டுக்குப் பூனையின் கண்மணியைப் பச்சிலைச் சாற்றால் விரிய வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து வியந்த கவிஞர் கதே, இதிலும் என்ன இருக்கிறதென்று பாருங்கள் என்று கொஞ்சம் காபிக்கொட்டையைக் கொடுத்தனுப்பினாராம். கையில் கொட்டை கிடைத்தால் வறுக்க வேண்டும், அரைக்க வேண்டும், குடிக்க வேண்டும். ஆராய்ச்சிக்கு வேறு பொருளா இல்லை? கவிஞர்கள் விஞ்ஞானத்தில் தலையிட்டால் இருநூறு வருடம் கழித்து மதுரையில் ஒருவன் தைலத்தோடு உட்கார்ந்திருக்க நேர்கிறது.

சரி, ஏன் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டெஸ்டுக்கு ஏற்றுகிற அடினோசின் நம் உடம்பிலேயே இருக்கிற சரக்குதான். மூளையில் சேரச் சேரத் தூக்கம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். அது போய் உட்கார உயிரணுக்களில் தனி இடங்கள் உண்டு. காபி குடித்தால், மாட்டுத்தாவணியில் பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட்டுப் பிடிக்கிறார்களே, அந்த வேலையைக் காஃபின் செய்துவிடும். அடினோசின் வந்து பார்க்கும், எல்லா சீட்டிலும் துண்டு. அதனால்தான் காபி குடித்தால் தூக்கம் போகிறது. அதனால்தான் காபி குடித்துவிட்டு வந்தால் டெஸ்டும் வீணாகிறது. இதயத்து ரத்தக்குழாய்கள் விரிய வேண்டிய அளவுக்கு விரியாது. விரிந்தால்தான் நல்ல குழாயில் ரத்தம் மூன்று நான்கு மடங்கு பாயும், அடைப்புள்ள குழாய் பின்தங்கும், அந்த வித்தியாசம் படத்தில் தெரியும். எனக்கு முன்னால் நின்ற ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் நர்ஸ், “காபி குடிச்சீங்களா?” என்று கேட்டது. இல்லை என்றார். “கொஞ்சம்கூட?” “விடிகாலைல, ஒரு வாய்.” வேறு தேதி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். “பாலுதாம்மா ஜாஸ்தி” என்று லிஃப்ட் கதவு மூடும்வரை வாதாடிக்கொண்டே போனார். அவருக்காவது ஒரு வாய் கிடைத்தது.

டெஸ்ட் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதலில் ஒரு படிவம். மாரடைப்பு, துடிப்புக் கோளாறு, மூச்சுத்திணறல், மிக அரிதாக மரணம் என்று வரிசையாகப் போட்டு, கீழே கையெழுத்துக்கு இடம். “சும்மா ஃபார்மாலிட்டி சார்” என்றார்கள். மரணத்தை ஃபார்மாலிட்டி பட்டியலில் நான் அதுவரை பார்த்ததில்லை. பிறகு எடை கேட்டார்கள். 72 என்றேன். “78” என்றாள் என் மனைவி, மூடிய கதவுக்கு வெளியிலிருந்து. மருந்தைக் கிலோ கணக்கில்தான் ஏற்றுகிறார்கள், கிலோவுக்கு நிமிடத்துக்கு 140 மைக்ரோகிராம். ஆகவே நர்ஸ் கதவுக்கு வெளியே வந்த குரலைத்தான் எழுதிக்கொண்டது. மார்பில் அங்கங்கே மழித்துப் பட்டைகளை ஒட்டினார்கள். பின்பக்கம் நாடா வைத்த அங்கியை, எட்டாத நாடாவோடு, நானே கட்டிக்கொள்ளச் சொன்னார்கள்.

மருந்து ஏற ஆரம்பித்ததும் கழுத்திலிருந்து தலைக்குச் சூடு ஏறியது. தாடை இறுகியது. நெஞ்சின் மேல் யாரோ நிதானமாக ஏறி உட்கார்ந்தார்கள். கேம்பிரிட்ஜில் 1929-ல் ட்ரூரியும் செண்ட்-ஜியார்ஜியும் இந்தப் பொருளை விலங்குகளுக்குச் செலுத்தி, இதயம் மந்தமாவதையும் குழாய்கள் விரிவதையும் எழுதி வைத்தார்கள். அந்த விலங்குகளிடம் அனுபவம் எப்படி இருந்தது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அந்த மட்டில் அவை கொடுத்துவைத்தவை. ஏதோ கெட்டது நடக்கப் போகிறது என்ற பயம் இந்த மருந்தில் சிலருக்கு வருமாம். எனக்கும் வந்தது. “டென்ஷன் ஆகாதீங்க சார்” என்றார் டாக்டர். இதயத்துக்கு டென்ஷன் கொடுக்கத்தானே பணம் கட்டியிருக்கிறேன்? அதுவும் கைக்காசு. ஆஸ்பத்திரியில் படுக்காமல் செய்துகொள்ளும் டெஸ்டுக்கு என் இன்ஷூரன்ஸ் பத்து பைசா தராது. இதையெல்லாம் சொல்ல வாயைத் திறந்தேன், மூச்சுதான் வந்தது. நடுவில் டெக்னீசியத்தையும் ஏற்றினார்கள். ஆறு நிமிடத்தில் பம்பை நிறுத்தினார்கள். அடினோசினுக்கு ரத்தத்தில் பத்து விநாடிகூட ஆயுள் கிடையாது, பாதி அதற்குள்ளேயே கரைந்துவிடும். நிஜமாகவே ஒரு நிமிடத்தில் எல்லாம் இறங்கிப்போனது. வெளியே வந்ததும் சம்பந்தி போனில், “என்ன, ஒண்ணுமே தெரியலைல்ல?” என்றார். பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

படம் எடுப்பதற்கு முன் ஒரு தனி அறையில் உட்கார வைத்தார்கள். எல்லோரும் என் வயதுக்காரர்கள், எல்லோரும் கதிர்வீச்சு. கழிப்பறைக் கதவில்கூட மூன்றிதழ் அபாயச் சின்னம். இன்றைக்குக் கைக்குழந்தைகளிடமும் கர்ப்பிணிகளிடமும் ஒட்டாமல் இருங்கள் என்றார்கள். டெக்னீசியம் ஆறு மணி நேரத்துக்கொரு முறை பாதியாகக் குறையுமாம். பேரன் அன்று என்னிடம் சாக்லேட் கொண்டு வரவில்லை. கேமராவுக்கு அடியில் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டியிருந்ததில் தோள்பட்டை வேறு போயிற்று. அதற்குத் தனி டாக்டர்.

ஆனால் முன்பு உட்கார வைத்த அந்தத் தனி அறையில்தான் என் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். டெக்னீசியம் ஈரலிலும் பித்தப்பையிலும் தேங்கினால் இதயத்தின் படத்தை மறைக்குமாம். அதைக் கீழே இறக்க, எண்ணெயும் கொழுப்பும் உள்ள பலகாரம் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். மறுபடி படித்தேன். என் மனைவியிடம் கொடுத்தேன், அவளும் படித்தாள், சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். பல வருடமாக எங்கள் வீட்டில் அப்பளம்கூட சுட்டுத்தான் வருகிறது.

கேன்டீனுக்கு ஓடினோம். இதய ஆஸ்பத்திரியின் கேன்டீன் அது. ராகி இட்லி, ஓட்ஸ் கஞ்சி, தாளிக்காத சுண்டல். எண்ணெய் என்ற பேச்சே கிடையாது என்று சுவரில் பெருமையாக எழுதியும் போட்டிருக்கிறார்கள். ஒரே கட்டடத்தில் மாடியில் எழுதித் தருவதைக் கீழே தடை செய்திருக்கிறார்கள் என்று கல்லாவில் இருந்தவரிடம் சொன்னேன். “ஓட்ஸ்ல நெய் விட்டுத் தரவா சார், நெய் வெளிய வாங்கிட்டு வந்திருங்க” என்றார்.

எதிர்த்த டீக்கடையில் அப்போதுதான் உளுந்த வடை இறங்கிக்கொண்டிருந்தது. நாலு வடை கேட்டேன். மாஸ்டர் கரண்டியை நிறுத்தி, புறங்கையில் பிளாஸ்திரி போட்டிருந்த ஊசியைப் பார்த்தார், பிறகு எதிரே ஆஸ்பத்திரி போர்டைப் பார்த்தார்.

“அண்ணே, அங்கிட்டிருந்தா வர்றீக? வேணாம்ணே. ரெண்டு பன்னு தர்றேன், பால்ல நனைச்சுச் சாப்பிடுங்க.”

“அவரு சொல்றது நல்லதுக்குத்தானே” என்றாள் என் மனைவி.

சீட்டை எடுத்து நீட்டினேன். மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார். பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து, ஆளுக்கொருவராகச் சீட்டை வாங்கிப் பார்த்தார்கள். வடை நாலும் என் இலைக்கு வந்தது, மேலே ஒரு கரண்டி சட்னியோடு. கூடவே ஒரு காபி சொல்லலாமா, இனி துண்டு போட்டால் பாதகமில்லையே என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, பெஞ்சில் இருந்த ஒருவர் என் தோளைத் தொட்டார்.

“அண்ணே, இது எந்த டாக்டருண்ணே? எங்கப்பாவுக்கும் காட்டணும். இப்ப பாக்குறவரு எதையுமே திங்கவிட மாட்டேங்கிறாரு.”