ஆற்றைக் கடந்த ஆலயம்

கேள்வி: மக்கள் புறநகருக்குக் குடிபோன பிறகும், நடு நகரத்துத் தேவாலயங்கள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன?

பதில்: சிகாகோ மெதடிஸ்ட்காரர்களைக் கேளுங்கள். 1834-இல் ஆற்றின் வடகரையில் மரக்கட்டைகளை அடுக்கி ஆலயம் கட்டினார்கள். ஊரோ தென்கரையில் வளர்ந்தது. 1838-இல் அந்தக் கட்டடத்தையே ஆற்றைத் தாண்டிக் கொண்டுவந்து, கிளார்க் தெருவும் வாஷிங்டன் தெருவும் சந்திக்கும் முனையில் நிறுத்திவிட்டார்கள்! பின்னர் அங்கே கட்டிய ஆலயத்தை 1871 பெருந்தீ விழுங்கியது. இடத்தை விட்டார்களா? இல்லை. 1924-இல் அதே முனையில் 568 அடிக் கட்டடம் எழுந்தது. கீழே ஆலயம், நடுவே மாடி மாடியாக ஆபீஸ்கள், உச்சியில் கோபுரம். 1952-இல் கோபுரத்துக்குள்ளும் ஒரு சிற்றாலயம் அமைந்தது. என்ன அருமையான ஏற்பாடு! மற்ற ஊர்களில் வாடகை ஏறினால் ஆலயம் இடம் மாறும். இங்கே ஆபீஸ்காரர்கள் ஆண்டவர் வீட்டில் குடியிருந்து வாடகை கட்டுகிறார்கள்.