சாவிக்கும் தீர்த்தம்

ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் என்னோடு கார் சாவியும் முங்கிவிட்டது. என் பாவம் போனதோ என்னவோ, ரிமோட் போய்விட்டது! என்ன செய்ய?
*(வாசகர், பரமக்குடி)*

கடலில் முங்கியவர் அடுத்து கோயிலுக்குள் 22 தீர்த்தமாடுவது முறை. சாவிக்கும் அதே முறைதான்: கடலுக்கு அடுத்தது நல்ல தண்ணீர்! பேட்டரியைக் கழற்றி, உப்புப் போக அலசி, முழுக்க உலர விடுங்கள். ரிமோட் பிழைக்காவிட்டாலும், சொருகித் திருகும் சாவி என்றால் பெரும்பாலும் வண்டி கிளம்பும். உள்ளே இருக்கும் சிப்புக்குப் பேட்டரியே வேண்டாம். இக்னிஷனைச் சுற்றியுள்ள காயில்தான் அதற்கு மின்சாரம் தருகிறது.

சாவியே கடலோடு போனவர்களுக்கு: சிப் இல்லாத நகல் கதவைத் திறக்கும், இன்ஜினைக் கிளப்பாது. ஆர்.சி. புத்தகத்தோடு டீலரிடம் போங்கள். புதுச் சாவியைப் பதியும்போதே தொலைந்த சாவியின் பதிவையும் அழிக்கச் சொல்லுங்கள். கரையில் யார் கையில் கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும்?