ஆண்களுக்கு நோயே இல்லாத ஊர்

ஓட்டப்பிடாரம் வட்டாரத்து ஆண்களுக்குப் பால்வினை நோய் என்ற ஒன்று கிடையவே கிடையாது. தருவைக்குளத்தில் தொடங்கி வேம்பார் வரை கடலோரமாகவே போய் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிப்போய் வாரக்கணக்கில் லாரியிலேயே படுத்தெழுந்து வருகிறவருக்கும் இல்லை. மும்பைக்குப் பிழைக்கப்போய்ப் பொங்கலுக்கு மட்டும் தலைகாட்டுகிறவருக்கும் இல்லை. ஊரைவிட்டு அசையாமல் திண்ணையைத் தேய்க்கிறவருக்கும் இல்லை. எப்போதாவது எரிச்சலோ புண்ணோ வந்தால் அதற்குப் பெயர் சூடு. ரெண்டு இளநீர், ஒரு பிடி ஊறவைத்த வெந்தயம், தீர்ந்தது. அதே கிருமி பெண்டாட்டியிடம் போய்ச் சேர்ந்த பிறகு மட்டும் அது சூடு இல்லை. "எங்க போயி வாங்கிட்டு வந்த?"

அரசு மருத்துவமனைகளில் இதற்கென்று ஏழு நிறங்களில் மருந்துப் பொட்டலங்கள் வைத்திருக்கிறார்கள். சாம்பல் நிறப் பொட்டலத்தில் இருப்பது ரெண்டே மாத்திரை: ஒரு அசித்ரோமைசின், ஒரு செஃபிக்ஸிம். ஒரே வேளையில் முழுங்கித் தண்ணீர் குடித்தால் முடிந்தது. காசும் கிடையாது. ஆனால் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து முழுங்க வேண்டும். கஷ்டம் அங்கேதான்.

"எக்கா, இது ஒங்களுக்கு. இது வீட்டுக்காரருக்கு."

"அவுககிட்ட இத எப்படிக் குடுப்பேன் சிஸ்டர்? என்னன்னு சொல்லிக் குடுப்பேன்?"

அவள் பொட்டலம் வயிற்றுக்குள் போகிறது. அவர் பொட்டலம் அரிசி டப்பாவுக்குப் பின்னால் போகிறது. சில மாதம் கழித்து அதே பெண் அதே வரிசையில் நிற்கிறாள். "மறுபடியும் வந்துட்டீங்களா?" என்று கேட்பதற்கு மட்டும் அங்கே ஆள் பஞ்சம் இல்லை.

ஆண்கள் வைத்தியமே பார்ப்பதில்லை என்று அபாண்டமாகச் சொல்லக்கூடாது. மாதத்தில் இன்ன தேதிக்கு இன்ன லாட்ஜில் என்று விளம்பரம் போட்டு வந்திறங்கும் பரம்பரை வைத்தியர்களிடம் பணத்தைக் கொட்டி லேகியம் வாங்கிப் பைக்குள் ஒளித்து வருகிறார்கள். வீரியத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறவருக்கு, அந்த வீரியம் எதைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வருகிறது என்று இலவசமாகப் பார்க்க நேரமில்லை.

நோயைப் பெண்ணிடம் மட்டும் தேடுவது நம் ஆண்கள் கண்டுபிடித்த வித்தையும் இல்லை. 1868-ல் வெள்ளைக்கார அரசு தொற்றுநோய்ச் சட்டம் என்று ஒன்று போட்டது. சிப்பாய்க்கு மேகநோய் வரக்கூடாது என்பதற்காக, தாசி என்று பதிவான பெண்களைக் கட்டாயமாகப் பரிசோதித்தார்கள். நோய் இருந்தால் லாக் ஆஸ்பத்திரியில் அடைத்தார்கள். சிப்பாயை அந்தச் சட்டம் தொடவில்லை. வெள்ளைக்காரன் போனான், பழக்கம் போகவில்லை. 1986-ல் இந்தியாவில் முதன்முதலாக ஹெச்ஐவி கண்டறியப்பட்டது சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் மாணவி நிர்மலாவும் செய்த காரியம் பெரிய காரியம், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ரத்தம் யாருடையது? மயிலாப்பூர் காப்பகத்தில் அடைபட்டுக் கிடந்த பாலியல் தொழிலாளர்களுடையது. சுகாதார அமைச்சர் ஹண்டே சட்டமன்றத்தில் எழுந்து விஷயத்தைச் சொன்னார். நோயைக் கொடுத்துவிட்டுப் போன வாடிக்கையாளர்களின் பட்டியல் எந்தச் சபையிலும் வாசிக்கப்படவில்லை.

வாயைத் திறந்து பேசினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். 2005-ல் நடிகை குஷ்பு, கல்யாணத்துக்கு முன் உறவு வைத்துக்கொள்கிற பெண்கள் கர்ப்பத்திலிருந்தும் நோயிலிருந்தும் தங்களைக் காத்துக்கொள்ள வேண்டும் என்றார். சுகாதாரத் துறை போஸ்டர் அடித்து ஒட்டவேண்டிய வாசகம். தமிழ்க் கற்புக்குக் காவல் நிற்கிறவர்கள் துடைப்பத்தைத் தூக்கினார்கள். ஊர் ஊராக இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள். அவற்றை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்ய 2010 ஆனது. அத்தனை துடைப்பத்தையும் கூட்டிப் பெருக்கக் கொடுத்திருந்தால் நாலு ஆஸ்பத்திரி வளாகமாவது சுத்தமாகியிருக்கும்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வருவோம். பெரும்பாலும் உறவின் வழியாகப் பரவும் ஹெச்பிவி என்ற வைரஸ்தான் காரணம். கெட்டுப்போகிற இடத்தைப் புற்றாவதற்கு முன்பே பிடிக்கிற ஒரு முறைக்கு வேண்டிய சாமான் வினிகர். நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் பஞ்சைத் தோய்த்துக் கர்ப்பப்பை வாயில் வைத்து, ஒரு நிமிஷம் காத்திருந்து பார்த்தால், கெட்ட இடம் வெள்ளையாக வெளுத்து நிற்கும். திண்டுக்கல் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற நர்சுகளே இதைச் செய்தார்கள். ஒரே ஒரு சுற்றுப் பரிசோதனையில் சாவு 35 சதவீதம் குறைந்ததென்று 2007-ல் லான்செட் இதழில் வந்தது. நம் மண்ணில், நம் பெண்களை வைத்து உலகத்துக்கே நிரூபித்துக் கொடுத்த பாடம். அதற்கப்புறம், 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. இந்திய அளவில் ரெண்டு பேர்கூட இல்லையாம். ஆகவே நாம் முன்னோடி மாநிலம். கைதட்டுங்கள்.

பெண்களுக்கு விழிப்புணர்வு போதாது என்று மேடையில் சொல்கிறார்கள். விடியுமுன் உப்பளத்தில் இறங்குகிறவளிடம் வந்து சொல்லுங்களேன். மறைவிடம் இல்லாததால் தண்ணீர் குடிக்காமலே வெயிலில் உப்பு வாருகிறாள், மூத்திரம் எரிகிறது. பரிசோதனைக்குப் போனால் அன்றைய சம்பளம் போச்சு. போன இடத்தில் படுக்கச் சொல்வார்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்காது, திரைத்துணி முக்கால் ஜன்னலுக்குத்தான் எட்டும். "வெள்ளப்படுதா? நாத்தம் இருக்கா?" என்று வராந்தாவுக்கே கேட்கிற குரலில் ஒரு கேள்வி வரும். அவளுக்கு விழிப்புணர்வு நிறையவே இருக்கிறது. அதனால்தான் வரவில்லை.

வருஷா வருஷம் செப்டம்பர் 5-ம் தேதி, வ.உ.சி. பிறந்தநாளுக்கு, கார் காராக வந்து ஓட்டப்பிடாரத்தில் மாலை போடுகிறார்கள். பக்கத்திலேயே கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி, அங்கேயும் மீசையை முறுக்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த வருஷம் சிலைக்குப் பக்கத்தில் ஒரு பரிசோதனை மேஜை போடுவோம். மாலை போட்டு இறங்குகிற ஒவ்வொரு ஆம்பளையும், கட்சி வித்தியாசம் இல்லாமல், விரலை நீட்டட்டும். ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், அரைமணி நேரத்தில் ரிசல்ட். கட்டபொம்மன் கயத்தாற்றில் கழுத்தையே கொடுத்தார். வாரிசுகள் விரல் நுனிக்கு யோசிக்க மாட்டார்கள். மருந்துப் பொட்டலங்களை மட்டும் முந்தின நாளே கூடுதலாக இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.